கேட்காத வரி: நியூயார்க்கும் ரோமும்

ஓர் ஊரில் குப்பை அள்ளுவதும் தெருவிளக்கு எரிவதும் தீயணைப்பு வண்டி ஓடி வருவதும் எல்லாக் கட்டிடங்களுக்கும் பொது. அதற்கான சொத்து வரி மட்டும் எல்லாருக்கும் பொதுவில்லை. வழிபாட்டு இடங்களுக்கும் மத அமைப்புகளின் பல கட்டிடங்களுக்கும் விலக்கு உண்டு. உலகின் பல நாடுகளில் இதுதான் வழக்கம். விலக்கு பெற்றவர் கட்டாத பங்கு வானத்தில் கரைந்துவிடுவதில்லை. ஒன்று, மற்ற வீட்டுக்காரர்களின் வரிச்சீட்டில் ஏறுகிறது. அல்லது ஊராட்சியின் கஜானாவில் பள்ளமாகக் கிடக்கிறது.

இந்த விலக்கு நியாயமா என்ற கேள்வி அமெரிக்காவிலும் இத்தாலியிலும் உயர்ந்த நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இரண்டு இடத்திலும் வழக்குத் தொடுத்தவர்கள் சிறியவர்கள். இரண்டு இடத்திலும் சட்டத்தின் வாசகம் ஏறக்குறைய ஒரே சாயலில் இருந்தது. ஆனால் நியூயார்க்கில் விலக்கு வென்றது, ரோமில் தோற்றது. இரண்டு நீதிமன்றங்களும் வேறு வேறு கேள்விகளைக் கேட்டன என்பதே காரணம். ஆனால் எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் இரண்டும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: இந்தக் கட்டிடத்தில், இந்த அறையில் உண்மையில் என்ன நடக்கிறது, அதை யார் பதிந்து வைக்கிறார்கள்?

பழைய வழக்கம், பழைய முணுமுணுப்பு

அமெரிக்காவில் தேவாலயங்களுக்கு வரி கேட்காத பழக்கம் காலனி ஆட்சிக் காலத்திலேயே உண்டு. அதன் மீதான முணுமுணுப்பும் பழையதுதான். 1875 டிசம்பரில் ஜனாதிபதி யுலிசீஸ் கிராண்ட் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியில் ஒரு கணக்கு வைத்தார். வரி கட்டாத தேவாலயச் சொத்தின் மதிப்பு 1850இல் சுமார் 8.3 கோடி டாலர்; 1875இல் ஏறத்தாழ 100 கோடி; தடுக்காமல் விட்டால் 1900க்குள் 300 கோடியைத் தாண்டும் என்றார். கல்லறை நிலத்தையும், வேண்டுமானால் வழிபாட்டுக் கட்டிடத்தையும் விட்டுவிட்டு மற்ற எல்லாச் சொத்துக்கும் வரி போடச் சொன்னார். அந்த யோசனை சட்டமாகவில்லை. நியூயார்க் மாநிலமோ எதிர்த்திசையில் போனது. மத, கல்வி, அறப்பணிகளுக்கு மட்டுமே பயன்படும், இலாப நோக்கற்ற அமைப்புகளின் சொத்துக்கான விலக்கைச் சட்டமன்றமே நினைத்தாலும் நீக்க முடியாதபடி 1938இல் தன் அரசியலமைப்பில் எழுதிக்கொண்டது.

இத்தாலியின் கதைக்கு அடித்தளம் வேறு. 1929இல் முசோலினி அரசுக்கும் திருப்பீடத்துக்கும் கையெழுத்தான லாத்தரன் உடன்படிக்கை வத்திக்கானைத் தனி நாடாக்கியது. ரோம் நகருக்குள் இருக்கும் லாத்தரன் புனித யோவான் பேராலயம், புனித மரியாள் பெருங்கோவில் போன்ற சில சொத்துகளுக்குத் தனி அந்தஸ்தும் வரிவிலக்கும் தந்தது. அவற்றைப் பற்றி வழக்கு எதுவும் இல்லை. வழிபாடு மட்டும் நடக்கும் ஆலயங்களைப் பற்றியும் சச்சரவு இல்லை. சச்சரவு எழுந்தது மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் பள்ளிகள், மருத்துவமனைகள், யாத்ரீகர் தங்கும் விடுதிகள் ஆகியவற்றின் மேல். 1992இல் கொண்டுவரப்பட்ட ‘இச்சி’ என்ற நகராட்சிச் சொத்து வரி, வணிகம் சாராத அமைப்புகள் நலப்பணி, மருத்துவம், கல்வி, தங்குமிடம், பண்பாடு, விளையாட்டு முதலானவற்றுக்கு மட்டுமே பயன்படுத்தும் கட்டிடங்களுக்கு விலக்குத் தந்தது. ‘மட்டுமே’ என்ற அந்த ஒற்றைச் சொல்லைச் சுற்றித்தான் அடுத்த முப்பது ஆண்டுச் சண்டையும் நடந்தது.

ஒரு துண்டு நிலம்

நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் ஃப்ரெடரிக் வால்ஸ் என்ற வழக்கறிஞர் ஒரு வீட்டின் முன்னறை அளவே வரும் காலி மனை ஒன்றை வைத்திருந்தார். ஆண்டுக்குச் சில டாலர்தான் அதற்கு வரி. தேவாலயங்களுக்கு விலக்குத் தருவதால் தன் பணம் மறைமுகமாக மதத்துக்குப் போகிறது, இது அரசு மதத்தை நிறுவக் கூடாது என்ற அரசியலமைப்பு விதிக்கு முரண் என்று வரி ஆணையத்தின் மேல் வழக்குப் போட்டார்.

1970 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: விலக்குத் தருவதாலும் அரசுக்கும் தேவாலயத்துக்கும் ஏதோ ஓர் உறவு உண்டாகிறது, வரி போட்டாலும் உண்டாகிறது. ஆனால் வரி போட்டால் மதிப்பீட்டு அலுவலர் தேவாலயத்துக்குள் நுழைவார், பாக்கி விழுந்தால் சொத்தின் மேல் பற்றுரிமை கோருவார், கடைசியில் ஏலம் போடுவார். விலக்கே குறைந்த சிக்கல். அரசு தன் வருவாயை எடுத்துக் கொடுக்கவில்லை. கேட்காமல் விடுகிறது, அவ்வளவுதான். நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் உடன்படவில்லை. விலக்கு என்பதும் மானியமே, கடவுளை நம்பாதவன் ஏன் நம்புகிறவனின் கூடத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

ரோமின் விடுதிகள்

இத்தாலியில் வழக்கு இப்படி மதக் கொள்கையிலிருந்து கிளம்பவில்லை, வியாபாரத்திலிருந்து கிளம்பியது. 2004இல் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமான கசாசியோனே, கட்டணம் வாங்கி வணிகம் போல நடத்தினால் இச்சி கட்ட வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே பெர்லுஸ்கோனி அரசு, வணிகத் தன்மை இருந்தாலும் விலக்கு உண்டு என்று சட்டத்தை விரித்தது. 2006இல் வந்த புரோதி அரசு அதைச் சற்றே சுருக்கி, ‘முழுக்க முழுக்க வணிகத் தன்மை இல்லாத’ செயல்களுக்கு விலக்கு என்று எழுதியது. அந்த வாசகம் கதவை மூடுவது போல மூடித் திறந்தே வைத்தது. விடுதிக்குள் ஒரு சிற்றாலயம் இருந்தால் முழுக்க வணிகம் ஆகாது, விலக்கு வந்துவிடும் என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள்.

ரோமில் மரியா மாண்டிசோரி பெயரால் நடக்கும் தனியார் தொடக்கப் பள்ளியும், சிறிய தங்கும் விடுதி ஒன்றின் உரிமையாளரும், ஐரோப்பிய ஒன்றியத்தில் போட்டி விதிகளைக் காக்கும் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டார்கள். தங்கள் பக்கத்திலேயே மத அமைப்புகள் இதே தொழிலைச் செய்கின்றன. எங்களுக்கு வரி, அவர்களுக்கு இல்லை. இது போட்டியைக் குலைக்கும் அரசு உதவி என்பது புகார். மதத்தை அவர்கள் கேள்வி கேட்கவில்லை. படுக்கைக்கும் வகுப்பறைக்கும் ஒரே சந்தையில் இரண்டு விலை ஏன் என்றுதான் கேட்டார்கள்.

2012 டிசம்பரில் ஆணையம் புகாரை ஏற்றது: 2006 முதல் 2011 வரை தந்த விலக்கு சட்டவிரோத அரசு உதவி. ஆனால் அந்தப் பணத்தைத் திருப்பி வசூலிக்கத் தேவையில்லை என்றும் சேர்த்தே சொன்னது. எந்தக் கட்டிடத்தில் எவ்வளவு பகுதி வணிகமாக இருந்தது என்று இத்தாலியின் நிலப் பதிவேடுகளிலிருந்து பின்னோக்கிக் கண்டுபிடிப்பது முழுவதும் இயலாத காரியம் என்று அது நம்பியது. புகார்தாரர்கள் விடவில்லை. 2018 நவம்பர் 6 அன்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் பேரமர்வு அந்தப் பகுதியை ரத்து செய்தது. பதிவேட்டில் இல்லை என்பது வசூலிக்காமல் இருக்கக் காரணமாகாது, வேறு வழி உண்டா என்று ஆணையம் தேடியிருக்க வேண்டும் என்றது. 2023 மார்ச்சில் ஆணையம் தன் முடிவை மாற்றி, வசூலிக்கும்படி இத்தாலிக்கு உத்தரவிட்டது.

கொடுப்பதும் கேட்காமல் விடுவதும்

இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்தால் முதலில் கண்ணில் படுவது இந்த வித்தியாசம். பர்கருக்குக் கொடுப்பதும் கேட்காமல் விடுவதும் இரண்டு வேறு செயல்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே. அரசுக்கு வர வேண்டிய பணம் வராமல் ஒருவர் கையில் தங்கினால், அது கைமாறிய விதம் எப்படியிருந்தாலும் உதவிதான். டக்ளஸ் ஒற்றை ஆளாக நின்று சொன்னது ஐரோப்பாவில் வழக்கமான சட்டக் கொள்கை.

இதற்குப் பின்னால் இரண்டு நாடுகளின் வேறொரு ஏற்பாடும் இருக்கிறது. அமெரிக்க அரசு தேவாலயத்தின் அன்றாடச் செலவுக்கென்று பணம் ஒதுக்குவதில்லை. அதனால் வரிவிலக்குதான் அரசும் மதமும் பணத்தால் தொட்டுக்கொள்ளும் முக்கிய இடம். அதைக் கொள்கையின் பெயரால் பாதுகாக்கிறார்கள். இத்தாலியில் திருப்பீடத்துடன் 1984ஆம் ஆண்டு செய்த ஒப்பந்தத்துக்குப் பின், வருமான வரியில் ஆயிரத்துக்கு எட்டுப் பங்கை வரிசெலுத்துவோரின் விருப்பப்படி திருச்சபைக்கோ வேறு மதக் குழுக்களுக்கோ அரசுக்கோ ஒதுக்கும் முறை வந்தது. அங்கே அரசு வெளிப்படையாகவே கொடுக்கிறது. எனவே சொத்து வரி விலக்கு என்பது அதற்கும் மேல் கிடைத்த இன்னொன்று என்ற எண்ணம் பொதுமக்களிடம் எளிதாக எழுந்தது.

பக்கத்தில் நின்றவர்கள்

நியூயார்க் விலக்கைக் காப்பாற்றிய வாதம் ஒன்று இத்தாலியில் செல்லவில்லை. நியூயார்க்கின் சட்டம் தேவாலயத்தைத் தனியே தூக்கி வைக்கவில்லை. மருத்துவமனை, நூலகம், விளையாட்டுத் திடல், அறிவியல் சங்கம் எல்லாவற்றோடும் சேர்த்தே விலக்குத் தந்தது. ஊருக்கு நன்மை செய்யும் பெரிய வகுப்பில் மதமும் ஒன்று என்பதால் இது மதச் சலுகை ஆகாது என்றது தீர்ப்பு. இதே அளவுகோலைத் திருப்பி வைத்து, 1989இல் டெக்சாஸ் மாநிலம் மத இதழ்களுக்கு மட்டும் தந்த விற்பனை வரி விலக்கை உச்ச நீதிமன்றம் தள்ளியது. கூட்டத்தோடு நின்றால் பிழைக்கும், தனியே நின்றால் விழும்.

இத்தாலியச் சட்டமும் மதத்துக்கு மட்டும் விலக்குத் தரவில்லை. வணிகம் சாராத எல்லா அமைப்புகளுக்கும் தந்தது. ஆனால் ஆணையம் பார்த்தது அந்தக் கூட்டத்தின் அகலத்தை அல்ல, அதற்கு எதிரே நின்றவரை. ஒரே வாடிக்கையாளரைத் தேடும் இருவரில் ஒருவருக்கு மட்டும் வரி இல்லை என்றால், சலுகை பெற்றவர் எத்தனை பேரோடு சேர்ந்து நின்றாலும் அது பாரபட்சமே.

நியூயார்க்கின் அந்த அகலமும் நிலைக்கவில்லை. பணமுடை வந்ததும் 1971இல் மாநிலம் விலக்குப் பட்டியலை இரண்டாகப் பிரித்தது. மதம், கல்வி, மருத்துவம், அறப்பணி முதல் வகுப்பு. அதைத் தொட முடியாது. தொழில்முறைச் சங்கங்கள் போன்றவை இரண்டாம் வகுப்பு. விரும்பிய ஊராட்சி அவற்றுக்கு வரி போடலாம். வால்ஸ் வழக்கில் தேவாலயத்துக்குத் துணையாக நின்றவர்களில் சிலரைத் தீர்ப்பு வந்த அடுத்த ஆண்டே கைவிட்டுவிட்டார்கள்.

எதைக் கொண்டு அளப்பது

கொள்கையில் எதிரெதிராக நின்றாலும் நடைமுறையில் இரண்டு நாடுகளும் நெருங்கி வந்திருக்கின்றன. நியூயார்க்கில் ‘மட்டுமே’ என்ற சொல்லுக்கு நீதிமன்றங்கள் ‘முதன்மையாக’ என்று பொருள் கொண்டன. கட்டிடத்தின் ஒரு பகுதி வெளியே வாடகைக்குப் போனால் அந்தப் பகுதிக்கு மட்டும் வரி, மற்றதற்கு விலக்கு. இத்தாலி இந்த இடத்துக்கு 2012இல்தான் வந்தது. கடன் நெருக்கடியில் பொறுப்பேற்ற மாரியோ மோன்ட்டி அரசு, இச்சிக்குப் பதில் ‘இமு’ என்ற புதிய வரியைக் கொண்டுவந்தபோது, வணிகம் அல்லாத முறையில் நடந்தால்தான் விலக்கு, கலப்புப் பயன்பாடு என்றால் பங்கு பிரித்து வரி என்று மாற்றியது. இந்தப் புதிய ஏற்பாட்டை ஆணையமும் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டன.

வணிகம் எது என்று வரையறுப்பதில் இத்தாலி நியூயார்க்கைவிட நுணுக்கமாகவே போனது. அதே ஆண்டு வந்த அமைச்சக விதியின்படி, தங்கும் விடுதி இலவசமாக இருக்க வேண்டும், அல்லது அதே பகுதியில் இதே சேவைக்கு வாங்கப்படும் சராசரிக் கட்டணத்தில் பாதியைத் தாண்டாத பெயரளவுக் கட்டணம் வாங்க வேண்டும். பள்ளி என்றால் கட்டணம் செலவின் ஒரு சிறு பங்கை மட்டுமே ஈடுகட்ட வேண்டும். இப்படி ஒரு எண் கையில் இருந்தால் நகராட்சி எழுத்தரே தீர்மானிக்கலாம், இறையியல் அறிஞர் தேவையில்லை. ஆனாலும் முடிந்துவிடவில்லை. 2015இல் லிவோர்னோ நகரின் இரண்டு கத்தோலிக்கப் பள்ளிகள் பழைய இச்சி பாக்கியைக் கட்ட வேண்டும் என்று கசாசியோனே தீர்ப்பளித்தபோது, ஆயர் பேரவை கடுமையாக எதிர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு போர்ச்சுக்கல் வானொலிப் பேட்டியில், துறவற இல்லம் விடுதியாக நடந்தால் மற்றவர்களைப் போல வரி கட்டட்டும் என்றார். திருச்சபைக்குள்ளேயே கோடு எங்கே என்பதில் ஒரே குரல் இல்லை.

ஓட்டைகள்

அமெரிக்காவில் போட்டிக் கேள்வி எழவே இல்லை என்று சொல்ல முடியாது. மயாமி நகரின் நடுவில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தின் வாகன நிறுத்துமிடம், ஞாயிறு தவிர மற்ற நாட்களில் கட்டண நிறுத்துமிடமாக நடந்தது. முழு விலக்கும் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோதே ஃபுளோரிடா சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி, வழிபாட்டுக்குப் பயன்படும் அளவுக்கே விலக்கு என்று சுருக்கியது. 1972இல் நீதிமன்றம் பழைய கேள்விக்கு விடை சொல்லாமலே வழக்கைத் திருப்பி அனுப்பியது. இத்தாலிக்கு வெளியிலிருந்து ஆணையம் வந்து சொன்னதை, அமெரிக்காவில் மாநிலங்கள் தாமாகவே, வேண்டியபோது வேண்டிய அளவுக்குச் செய்தன.

ஓட்டை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு நியூயார்க்கின் கேட்ஸ்கில் மலையிலுள்ள ஹார்டன்பர்க் என்ற சிற்றூர் சாட்சி. சில நூறு பேரே வாழும் அந்த ஊரில் மத அமைப்புகளும் பிறவும் பெரிய பெரிய நிலங்களை வாங்கி விலக்குப் பெற, மிஞ்சியவர்களின் வரி ஏறியது. ஊர்க்காரர்கள் 1970களின் நடுவில் ஒரு பதிலடி கொடுத்தார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து அஞ்சல் வழியே யாரையும் குருவாக்கும் யுனிவர்சல் லைஃப் சர்ச்சில் பெரும்பான்மையோர் சேர்ந்து குருப்பட்டம் வாங்கி, தங்கள் வீடுகளுக்கும் விலக்குக் கேட்டார்கள். ஊரில் வரி கட்டச் சிலரே மிஞ்சினார்கள். மாநிலம் சட்டத்தை இறுக்க, அந்த இறுக்கத்தை 1981இல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது.

ரோமின் விடுதிச் சிற்றாலயமும் ஹார்டன்பர்க்கின் அஞ்சல் குருமார்களும் ஒரே பாடத்தைத்தான் சொல்கிறார்கள். யார் மதம், எது மத இடம் என்ற பெயர்ப்பலகையை வைத்து விலக்குத் தந்தால், பலகை மாட்டுவது மலிவான தொழிலாகிவிடும். அங்கே நடக்கும் வேலையை வைத்துத் தந்தால்தான் கோடு நிற்கும்.

பர்கரின் பிழைக்கணக்கு

ஆனால் நடக்கும் வேலையை வைத்துத் தருவது என்றால் யாராவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பர்கர் விலக்கை ஆதரித்ததே அரசு உள்ளே போகாமல் இருக்கத்தான். இருந்தும் எந்த அறை வாடகைக்குப் போகிறது, எந்தக் கூடத்தில் கட்டணம் வாங்குகிறார்கள், போதகர் வீடு தேவாலயத்தின் பணிக்குத் தேவையா என்று மதிப்பீட்டு அலுவலர் கேட்டுத்தான் நியூயார்க்கின் விலக்கே நிற்கிறது. வரி போட்டால் வரும் சிக்கலைத் தவிர்க்க விலக்குத் தந்தார்கள்; விலக்கு அதே சிக்கலை வேறு படிவத்தில் கொண்டுவந்தது. ஒரு நியாயமான வேற்றுமை மட்டும் உண்டு: விலக்கில் அலுவலர் தவறினால் தேவாலயம் ஒரு சலுகையை இழக்கும், வரியில் அவர் தவறினால் கட்டிடமே ஏலத்துக்கு வரலாம்.

இத்தாலியின் பிழை இதற்கு நேர் எதிர். அங்கே யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பார்க்காததால் பதிவு இல்லை; பதிவு இல்லாததால் ஆறாண்டு வரி அதைவிட நீண்ட வழக்காக இழுத்தது. சட்டவிரோதம் என்று 2012இல் தெரிந்த ஒன்றை வசூலிக்கச் சொல்ல 2023 வரை ஆனது. அதற்குள் எத்தனையோ கட்டிடங்கள் கைமாறியிருக்கும், எத்தனையோ துறவற இல்லங்கள் மூடியிருக்கும். சிறிய தொகைகளை ஒன்றியச் சட்டமே வசூலிலிருந்து விலக்கிவிடும்.

இரண்டு நாட்டிலும் விலக்கைத் தீர்மானிப்பவர் ஒருவர், விலையைக் கட்டுபவர் இன்னொருவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் மாநிலத் தலைநகர் அல்பனியின் அரசியலமைப்பு விலக்குத் தருகிறது. பள்ளி நடத்த வேண்டிய சிற்றூர் அதைத் தாங்குகிறது. இத்தாலியில் ரோமின் நாடாளுமன்றம் தந்தது. லிவோர்னோ போன்ற நகராட்சிகள்தான் பள்ளிகளை நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டியிருந்தது. தாராளம் தலைநகரில், கணக்கு ஊரில்.

இந்த ஒப்பீட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு இது. கல்லறையும் வழிபாட்டுக் கூடமும் தவிர மற்ற மதச் சொத்துக்கெல்லாம் வரி என்ற கிராண்டின் வழி இரண்டு நாட்டிலும் ஏற்கப்படவில்லை. வழிபாட்டுக் கூடத்துக்கு வரி போட இன்று தீவிரமாகக் கேட்பவர்கள் மிகக் குறைவு. வணிகமாக நடக்கும் விடுதியும் நிறுத்துமிடமும் வரி கட்ட வேண்டும் என்பதும் இரண்டு நாட்டிலும் ஏறக்குறைய முடிந்துபோன விவாதம். மிச்சம் இருப்பது கொள்கைக் கேள்வி இல்லை, நிர்வாகக் கேள்வி. விலக்குப் பெற்ற ஒவ்வொரு கட்டிடத்தின் பெயர், பரப்பு, பயன்பாடு, ஊர் இழந்த வரி நான்கையும் ஆண்டுதோறும் நகராட்சி வெளியிட்டால், வால்ஸ் போல ஒருவர் மனை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போக வேண்டாம். விடுதிக்காரர் லக்சம்பர்க் வரை நடக்கவும் வேண்டாம். ஊர் தன் தாராளத்தின் விலையைத் தெரிந்துகொண்டு, அதைத் தொடர்வதா சுருக்குவதா என்று தானே முடிவெடுக்கும். மத அமைப்புக்கும் அது நல்லது. கேள்வி கேட்கப்படாத சலுகையைவிட, கணக்குக் காட்டி வாங்கிய சலுகையை யாரும் லேசில் பறிக்க முடியாது.